காந்தி ரோட்டில் இரண்டு கம்ப்யூட்டர்

கடைக்கு அகலம் ஆறடி.
அதற்குள் ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர்,
கம்ப்யூட்டர் இரண்டு, நான்.
மேலே லாட்ஜ், எதிரே லாட்ஜ்,
பக்கத்தில் வங்காளத்தில் பலகை எழுதிய மருந்துக்கடை.

ஒன்றாம் நம்பர் விண்டோஸ்.
காசு கொடுத்து வாங்கியதில்லை.
‘ஆக்டிவேட் செய்’ என்று வலது மூலையில்
இரண்டு வருஷமாய்ச் சாம்பல் நிறத்தில் கெஞ்சுகிறது.
நீரில்லாத ஆறு, ராசா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுகிறவர்கள்
சாவியில்லாத என் சன்னலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நம்பரில் லினக்ஸ்.
சத்துவாச்சாரியில் சர்வீஸ் பார்க்கும் அப்சர் போட்டது.
‘சும்மா கிடைக்குதுக்கா. ஆனா திருட்டு இல்ல.’
சும்மா கிடைத்த அரிசியில்
கல் பொறுக்கியே பழகிய கை எனக்கு.
ஆனாலும் விண்டோஸ் ஏற்றினால் மூச்சு வாங்கிய பழைய டப்பா
இதில் எழுந்து நடந்தது.
கண்ட பென்டிரைவையும் முதலில் இதில்தான் செருகுவேன்,
காய்ச்சல்காரரைத் தனி வார்டில் வைப்பதுபோல.

பிரிண்டர்தான் இதோடு பேசாது.
கம்பெனி விண்டோஸுக்கு மட்டும் சி.டி. கொடுத்திருந்தது.
தாசில்தாருக்குப் போகிற பழைய மனுக்களைத் திறந்தால்
எழுத்துக்குப் பதில் பூச்சி.

போன ஆவணியில் ஒரு ராத்திரி, ஒன்பதே முக்கால்.
மால்டாவிலிருந்து வந்த நிகில் மண்டல்.
மனைவியின் பயாப்சி ரிப்போர்ட் மெயிலில்.
பதினொன்று இருபதுக்குக் காட்பாடியில் ரயில்.
ஊர் டாக்டருக்குக் காகிதம்தான் வேண்டுமாம்.

விண்டோஸை ஆன் செய்தேன்.
‘அப்டேட் நடக்கிறது. அணைக்காதீர்கள்.’
முப்பது சதவீதம்.
என் மெஷின், என் கரண்ட், என் கடை.
யாரைக் கேட்டு?
காசு கொடுத்தவனுக்கே பதில் கிடையாது.
நான் அதுவும் கொடுக்கவில்லை.

முப்பத்தொன்று.

இரண்டாம் நம்பரில் ரிப்போர்ட் உடனே திறந்தது.
பிரிண்ட் கொடுத்தால் அரைப்பக்கம்.
பெயர், வார்டு, வயது நாற்பத்தாறு.
முடிவு இருக்கவேண்டிய இடம் வெள்ளை.
மண்டல் அந்த வெள்ளையையே பார்த்தார்.

அப்சர் வாணியம்பாடியில், யாரோ கல்யாணத்தில்.
பேண்டு வாத்தியத்துக்கு மேல் கத்தி
எழுத்தெழுத்தாய்ச் சொன்னான். அடித்தேன்.
கறுப்புத் திரையில் ஒரு ஃபைல் திறந்தது.
பிரிண்டருக்கு இடும் கட்டளையெல்லாம்
ஒளிவு மறைவில்லாமல் கிடந்தன.
ஆறு வருஷமாய்க் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறேன்,
அதன் வயிற்றுக்குள் கைவிட்டது அன்றுதான்.
மேல்வரியில் எந்த ஊர்க்காரரோ ஒருவர்:
‘என் பிரிண்டரில் சரியாக வருகிறது.
உங்களுடையதற்கு உத்தரவாதமில்லை.’
ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும் காகிதம்போல.
அந்த நேர்மை பிடித்திருந்தது.
பத்து மணிக்கு அதை வைத்துக்கொண்டு
என்ன செய்வது என்றும் இருந்தது.

பக்க நீளத்தை மாற்றினேன். வரவில்லை.
மறுபடி மாற்றினேன்.
மூன்றாம் தடவை முழுசாய் வந்தது,
வலது ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டு.
மண்டல் கடைசி வரியில் விரல் வைத்து நின்றார்.
நல்லதா கெட்டதா, முகத்தில் தெரியவில்லை.
இருபது நீட்டினார். பத்து போதும் என்றேன்.
ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினேன்.

திரும்பி வந்தால் ஒன்றாம் நம்பர்
நீல வானத்தோடு விழித்திருக்கிறது, ஒன்றும் நடக்காததுபோல.
சோதித்துப் பார்க்க ஒரு பக்கம் அடித்தேன்.
அழகாக வந்தது, ஓரம்கூடச் சுத்தமாக.

சாவி வாங்க எடுத்து வைத்த பணம்
அடுத்த வாரம் ஜெராக்ஸ் டிரம்முக்குப் போனது.
இரண்டு மெஷினும் இருக்கின்றன.
அந்த ஃபைலில் மட்டும், அப்சரைக் கேட்டு,
ஒரு வரி சேர்த்தேன்:
‘வேலூரில் கோகிலவாணி கடையிலும் வருகிறது. ஓரம் வெட்டும்.’
முன்னால் ஒரு நட்சத்திரமும் சதவீதக் குறியும் போடச் சொன்னான்.
போட்டால் அந்த வரியை மெஷின் படிக்காதாம்.
மனுஷர் படிக்கத்தானாம்.